திங்கட்கிழமை மட்டும் ஏன் மூச்சு முட்டுது? ஒரு கேள்வியின் 300 வருஷக் கதை

இந்த எபிசோட் ஒரு கேள்வியைப் பத்தி. ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸ் நோயாளியைப் பார்த்துக் கேட்கிற ரொம்பச் சாதாரணமான கேள்வி. அதைச் சரியாக் கேட்டா ஒரு நோய் வெளிய வரும். கேட்காம விட்டா எக்ஸ்ரே எடுத்தாலும் தெரியாது. சும்மா பில்டப்புக்குச் சொல்லல, நிஜமாவே எக்ஸ்ரேயில தெரியாது. அதுக்கு வர்றேன்.

முதல்ல ஊரைச் சொல்லிடறேன். ராஜபாளையம். மேற்கே மலை, சுத்தி மில்லு. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதுக்கப்புறம் ஊரைச் சுத்தி ஸ்பின்னிங் மில்கள் பெருகின. பக்கத்துல சத்திரப்பட்டி, தறிச் சத்தம் ஓயாத ஊர். அங்க நெய்யறது பேண்டேஜ் துணி. உங்க கையில எப்பவாவது சுத்தின வெள்ளைத் துணி அங்கிருந்து வந்ததா இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனா ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கோயில், பால்கோவா, இதோட நெசவும் இருக்கிற ஊர்.

ஆக, ஆஸ்பத்திரிக்குத் துணி கொடுக்கிற பகுதி இது. இங்க பஞ்சுக்கு நடுவுல நின்னு வேலை பார்க்கிற ஒருத்தர், அதே ஆஸ்பத்திரிக்கு நோயாளியாப் போனா என்ன நடக்கும்?

இருபது நொடி விசாரணை

ஒரு கற்பனைக் காட்சி. வெளிநோயாளிப் பிரிவு, நீள வரிசை. நாற்பது வயசுக்காரர் ஒருத்தர் வந்து உட்கார்றார்.

"என்னண்ணே செய்யுது?"

"இருமல் சிஸ்டர்."

"சளி இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு."

"காய்ச்சல்?"

"இல்ல."

"மூச்சு வாங்குதா?"

"வாங்குது."

"பீடி, சிகரெட்?"

"முன்ன குடிச்சேன். இப்ப இல்ல."

சீட்டுல எழுதியாச்சு. இருமல், சளி, மூச்சிரைப்பு, முன்னாள் புகைபிடிப்பவர். அடுத்த ஆள். ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா காசநோய்க்குச் சளி டெஸ்ட் எழுதுவாங்க. அது நியாயமான நடைமுறைதான். ரிசல்ட்ல காசநோய் இல்லைன்னு வரும். எக்ஸ்ரேயிலயும் பெருசா ஒண்ணும் இருக்காது. இருமல் சிரப்போட அவர் திரும்ப மில்லுக்கே போயிடுவார்.

அந்த நர்ஸ் தப்பு எதுவும் பண்ணல. கேட்ட எல்லாக் கேள்வியும் தேவையான கேள்விதான். ஆனா கவனிச்சீங்களா, முதல் கேள்வியைத் தவிர மத்த எல்லாத்துக்கும் ஆமா, இல்லைன்னு ஒரே வார்த்தையில பதில் சொல்லிடலாம். அவர் என்ன வேலை பார்க்கிறார்னு யாரும் கேட்கல. எப்போ அதிகமாகுதுன்னும் கேட்கல.

நான் சாஃப்ட்வேர் ஆளு. எங்க வேலையில இது தினம் நடக்கிறது. யூசர் கூப்பிட்டு "ஆப் வேலை செய்யல"ன்னு சொல்வார். "நெட் பிரச்சினையா இருக்குமோ?"ன்னு நாம கேட்டா "ஆமா, இருக்கலாம்"னு சொல்லிடுவார். கதை முடிஞ்சது. "கடைசியா எப்ப சரியா ஓடுச்சு? அதுக்கப்புறம் என்ன பண்ணீங்க?"ன்னு கேட்டாத்தான் பக் எங்கன்னு தெரியும். எங்களுக்கு பக்கைத் தவறவிட்டா அடுத்த ரிலீஸ்ல சரி பண்ணிக்கலாம். நுரையீரலுக்கு அடுத்த ரிலீஸ் கிடையாது.

கழிவுக்குழிக்குள்ள இருந்து வந்த பதில்

"என்ன வேலை பார்க்கிறீங்க?" இந்தக் கேள்வி மருத்துவத்துக்குள்ள எப்படி வந்துச்சுன்னு பார்க்க இத்தாலிக்குப் போகணும்.

பெர்னார்டினோ ராமஸ்ஸினி, 1633-ல் பிறந்தவர், மொதேனா நகரத்து மருத்துவர். ஒருநாள் அவர் வீட்டுக் கழிவுக்குழியைச் சுத்தம் செய்ய ஆட்கள் வந்தார்கள். அதில் ஒருவர் மூச்சுவிடாத அவசரத்தில் வேலை செய்வதை ராமஸ்ஸினி பார்த்தார். ஏன் இவ்வளவு பதற்றம், நிதானமாகச் செய்யலாமே என்று கேட்டார். நாலு மணி நேரத்துக்கு மேல் உள்ளே நின்றால் என்ன ஆகும் என்பது நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும், கண்ணே போய்விடும் என்றார் அந்தத் தொழிலாளி. ராமஸ்ஸினி அவர் கண்களைப் பார்த்தார். சிவந்து, மங்கிப் போயிருந்தன. நகரத்தில் இதே வேலை செய்த மற்றவர்களைப் பற்றி விசாரித்தார். பலர் பார்வை இழந்து பிச்சை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஒரு பதில் அவரை ஒரு புத்தகம் எழுத வைத்தது. 1700-ல் வந்த அந்த லத்தீன் நூல் தொழில்களால் வரும் நோய்களைப் பற்றியது. சணல், ஆளி நாரைச் சிக்கெடுப்பவர்கள் தூசியால் ஓயாமல் இருமுவதையும் அதில் பதிவு செய்தார். அந்த நூலில் மருத்துவர்களுக்கு ரெண்டு யோசனை சொல்லியிருக்கார். ஒண்ணு, ஏழைத் தொழிலாளி வீட்டுக்குப் போனா, போனதும் நாடியைப் பிடிச்சுட்டுக் கிளம்பாதீங்க. முக்காலி கிடைச்சாலும் சரி, உட்காருங்க, பொறுமையா விசாரிங்க. ரெண்டு, ஹிப்போகிரட்டீஸ் காலத்துலேர்ந்து நாம கேட்டுக்கிட்டு வர்ற கேள்விகளோட இன்னும் ஒண்ணைச் சேர்த்துக்கோங்க: இவர் என்ன தொழில் பண்றார்?

300 வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தக் கேள்வி இன்னைக்கும் நிறைய சீட்டுல இல்ல. "தொழில்" என்கிற கட்டத்துல "கூலி"ன்னு எழுதி முடிச்சுடறாங்க. கூலின்னா பஞ்சா, பட்டாசா, செங்கல்லா, பூச்சிமருந்தா?

முதலாளி சொன்ன காரணம், தொழிலாளி சொன்ன காரணம்

இப்ப பஞ்சுக்கு வருவோம். 1845. பெல்ஜியத்தில் கெண்ட் என்ற ஊர், அந்தக் காலத்துப் பெரிய பருத்தி நகரம். மாரெஸ்கா, ஹேமான் என்ற இரண்டு மருத்துவர்கள் மில் தொழிலாளிகளை விசாரித்து ஓர் அறிக்கை தயாரித்தார்கள். அதில் ஒரு விசித்திரமான விஷயம் பதிவானது. வாரக் கடைசியில் தூசி அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை, திங்களும் செவ்வாயும்தான் கஷ்டம் என்று தொழிலாளிகள் சொன்னார்கள்.

யோசிச்சுப் பாருங்க. இது தலைகீழா இருக்கு. தூசிதான் பிரச்சினைன்னா, வாரம் முழுக்கச் சுவாசிச்ச பிறகு சனிக்கிழமைதானே மோசமா இருக்கணும்? ஞாயித்துக்கிழமை ஓய்வு எடுத்துட்டு ஃப்ரெஷ்ஷா வர்ற திங்கட்கிழமை ஏன் மூச்சு முட்டணும்?

முதலாளிகளிடம் ஒரு விளக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை குடித்துக் கும்மாளம் போடுகிறார்கள், அதன் பலன்தான் என்றார்கள். தொழிலாளிகளிடம் வேறு விளக்கம் இருந்தது. ஒருநாள் வேலை நின்றுபோவதால் தூசிப் பழக்கம் விட்டுப்போகிறது, மறுபடி பழக ரெண்டு நாள் ஆகிறது என்றார்கள். மருத்துவர்கள் இரண்டையும் எழுதி வைத்தார்கள்.

இன்னைக்கு நமக்குத் தெரியும், தொழிலாளிகள் சொன்னதுதான் சரி. இந்த நோயோட பேரு பிஸ்ஸினோசிஸ். பஞ்சுத் தூசியில வெறும் நார் மட்டும் இல்ல. பருத்திச் செடியோட காய்ஞ்ச இலைத் துணுக்கு, அதுல ஒட்டியிருக்கிற பாக்டீரியா, அந்த பாக்டீரியாவோட நச்சுப்பொருள் எல்லாம் சேர்ந்துதான் மூச்சுக்குழாயை இறுக்குது. தினமும் உள்ள போகும்போது உடம்பு கொஞ்சம் தாங்கிக்கப் பழகுது. லீவு விட்டா அந்தத் தாங்குதிறன் குறைஞ்சு போகுது. லீவு முடிஞ்சு முதல் ஷிப்டுல சில மணி நேரத்துல நெஞ்சு இறுகுது.

1845-ல் எந்தக் கருவியும் இல்லாமல், தன் நெஞ்சை மட்டும் வைத்து ஒரு தொழிலாளி கண்டுபிடித்த விஷயம் இது. அதை மருத்துவ உலகம் முழுமையாக ஏற்க இன்னும் ஒரு நூற்றாண்டு ஆனது.

ஏற்க வைத்ததில் பெரிய பங்கு ரிச்சர்ட் ஷில்லிங் என்ற ஆங்கிலேய மருத்துவருடையது. 1950-களில் லங்காஷயர் பருத்தி மில்களில் இந்த நோய் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது என்று பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஷில்லிங் தொழிலாளிகளிடம் போய் ஒரே மாதிரியான, திட்டமிட்ட கேள்விகளைக் கேட்டார். நோய் எங்கேயும் போகவில்லை. கார்டிங் பிரிவில் நிறையப் பேருக்கு இருந்தது.

அவர் உருவாக்கிய தரப்பட்டியல் பல பத்தாண்டுகள் உலகம் முழுக்கப் பயன்பட்டது. அதைப் பார்த்தா ஆச்சரியமா இருக்கும், ஏன்னா அதுல இருக்கிறது எல்லாமே பேச்சுதான். வாரத்தின் முதல் நாள் எப்போதாவது நெஞ்சு இறுகினால் அரை. ஒவ்வொரு வாரமும் முதல் நாள் இறுகினால் ஒன்று. மற்ற நாட்களிலும் இறுகினால் இரண்டு. அதோடு மூச்சுத்திறன் நிரந்தரமாகக் குறைந்துவிட்டால் மூன்று. ஆரம்பக் கட்டத்துல தூசியை விட்டு விலகினா சரியாக வாய்ப்பு இருக்கு. மூணுக்குப் போயிட்டா திரும்பி வர வழி கிடையாது.

இந்த நோய்க்குன்னு தனியா எக்ஸ்ரே அடையாளம் கிடையாது. ஷிப்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் குழாயில ஊதச் சொல்லி மூச்சுத்திறன் எவ்வளவு குறையுதுன்னு அளக்கலாம். ஆனா அந்த டெஸ்டை எழுதணும்னு தோணவே, முதல்ல அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கணும்.

நைட்டிங்கேலின் கோபம்

இதுவரை வந்தவங்க எல்லாம் டாக்டர். நர்ஸ் எங்கே?

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல்னா நமக்கு விளக்கு ஞாபகம் வரும். 1859 கடைசியில் வெளியான அவருடைய நர்சிங் நூலைப் படிச்சா வேற ஆள் தெரியறார். மோசமான கேள்விகள் மேல கடும் கோபத்துல இருக்கிற ஆள்.

அவருடைய வாதம் இது. "ராத்திரி நல்லாத் தூங்கினாரா?" என்று கேட்பதில் பயனே இல்லை. ஒருவருக்குப் பத்து மணி நேரம் அசையாமல் தூங்கினால்தான் நல்ல தூக்கம். இன்னொருவர் விட்டுவிட்டுக் கண்ணயர்ந்தாலே நல்லாத் தூங்கினேன் என்பார். நாள்கணக்கில் தூக்கமே இல்லாமல் செத்துக்கொண்டிருந்த நோயாளிக்கும், வழக்கமான தூக்கம் கொஞ்சம் கலைந்த நோயாளிக்கும் ஒரே பதில் எழுதப்பட்டதை அவர் பார்த்திருக்கிறார். எத்தனை மணி நேரம் தூங்கினார், எந்தெந்த நேரத்தில் என்று கேட்க வேண்டியதுதானே என்கிறார்.

சாப்பாட்டுக்கும் அப்படித்தான். "பசி இல்லை" என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். சமையல் சரியில்லாததால் சாப்பிடவில்லையா, பிடிக்காத உணவா, தப்பான நேரத்தில் கொடுத்தார்களா, நிஜமாகவே பசி இல்லையா? நாலும் நாலு வேறு பிரச்சினை, நாலுக்கும் வேறு வேறு தீர்வு.

எங்க உட்காரணும்னுகூட அவர் எழுதியிருக்கார். நோயாளி கழுத்தைத் திருப்பாம உங்களைப் பார்க்கிற மாதிரி உட்காருங்க. அவசரத்தைக் காட்டாதீங்க. கதவுக்கு வெளிய நின்னு கிசுகிசுக்காதீங்க, அது நோயாளியை வதைக்கும். ராமஸ்ஸினியோட முக்காலி ஞாபகம் வருதா? ரெண்டு பேரும் சொல்றது ஒண்ணுதான்: உட்காரு.

இவர் இந்தியாவுக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் சுகாதாரம் பற்றிய ராயல் கமிஷனுக்காக, இங்கிருந்த ராணுவ முகாம்களுக்கெல்லாம் கேள்வித்தாள் அனுப்பவைத்து, வந்த பதில்களிலிருந்து நிலைமையை வெளிக்கொண்டு வந்தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சாக்கடை எங்கே போகிறது என்கிற மாதிரி கேள்விகள். 1863-ல் அந்த அறிக்கை வெளியானது. கேள்வியும் ஒரு கருவிதான்னு அவருக்கு நல்லாத் தெரிஞ்சிருந்தது.

நம்ம பக்கம்: கேட்க ஆளே இல்லாத காலம்

தமிழ்நாட்டில் இந்தக் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது. மெட்ராஸில் 1844-ல் பிரசவ மருத்துவமனை வந்தது. 1871-ல் அரசுப் பொது மருத்துவமனையில் நர்சுகளுக்கான பயிற்சி தொடங்கியது. இந்தியாவின் முதல் நர்சிங் பள்ளி என்று இதைத்தான் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் பயிற்சிக்கு வந்தவர்களில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பெண்களே அதிகம். பாடம் ஆங்கிலத்தில், வலி தமிழிலும் தெலுங்கிலும்.

இன்னொரு தடை அதைவிடப் பெரிசு. 1890-களில் திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று ஆண்கள் தங்கள் மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டு ஐடா ஸ்கடரின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஐடாவின் அப்பா டாக்டர். ஆனால் ஆண் டாக்டர் வரக்கூடாது என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய் டாக்டராகத் திரும்பி வந்து, வேலூரில் மருத்துவமனை தொடங்கினார். 1909-ல் அங்கே நர்சுகளுக்குப் பயிற்சி ஆரம்பமானது. 1946-ல் பி.எஸ்சி. நர்சிங் பட்டப்படிப்பே வந்தது.

வேலூர் கதையை நாம வழக்கமா தியாகக் கதையாத்தான் கேட்டிருப்போம். நான் அதைக் கேள்வியோட கதையாவும் பார்க்கிறேன். அந்த மூணு பெண்களையும் பார்த்து "வலி எப்ப ஆரம்பிச்சது?"ன்னு கேட்க, அவங்க பதில் சொல்லக்கூடிய ஆள் ஒருத்தரும் அந்த ஊர்ல இல்ல.

நர்ஸ் கேள்வி கேட்கலாமா என்பதே உலகம் முழுக்க ஒரு சண்டையாக இருந்தது. டாக்டர் சொன்னதைச் செய்வதுதான் அவர் வேலை என்ற எண்ணம் அவ்வளவு ஆழம். 1952-ல் அமெரிக்க நர்ஸ் ஹில்டகார்ட் பெப்லாவ், நர்சுக்கும் நோயாளிக்கும் நடுவில் நடக்கும் பேச்சே சிகிச்சையின் ஒரு பகுதி என்று புத்தகம் எழுதினார். 1961-ல் ஐடா ஜீன் ஒர்லாண்டோ இன்னும் ஒரு படி போனார். நோயாளியைப் பார்த்து நீங்கள் ஒன்று நினைக்கிறீர்கள் இல்லையா, அது சரியா என்று அவரிடமே கேட்டுவிட்டு அப்புறம் செயல்படுங்கள் என்றார்.

ஒருத்தர் ஊசி வேணாம்கிறார். பயப்படறார்னு நர்ஸ் நினைக்கலாம். ஆனா அவர் மனசுல "ஊசி போடுற அளவுக்கு முத்திப்போச்சா?"ன்னு ஓடிட்டு இருக்கலாம். "என்னண்ணே யோசிக்கிறீங்க?"ன்னு கேட்கிற வரைக்கும் ரெண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

மயக்கமா, மயக்கமா?

இந்தப் பாடமெல்லாம் ஆங்கிலத்துல இருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் வார்டுல பேச்சு வேற.

"மயக்கம்" என்கிற ஒரே வார்த்தையை எடுத்துக்கோங்க. தலை சுத்தினாலும் மயக்கம், கண்ணு இருட்டிக்கிட்டு வந்தாலும் மயக்கம், நினைவில்லாம விழுந்தாலும் மயக்கம். "மயக்கம் வந்துச்சா?"ன்னு கேட்டா வர்ற "ஆமா"வுக்கு மூணு அர்த்தம். "விழுந்துட்டீங்களா? விழுந்தது உங்களுக்கே தெரிஞ்சுதா, இல்ல பக்கத்துல இருந்தவங்க சொன்னாங்களா?" இப்படிக் கேட்டா ஒரே அர்த்தம்தான்.

"இளைப்பு" இன்னொண்ணு. இழுப்பு மாதிரி மூச்சு வாங்குறதும் இளைப்பு. உடம்பு மெலிஞ்சாலும் "இளைச்சுட்டேன்"தான். நுரையீரல் நோயாளிகிட்ட ரெண்டுமே முக்கியமான தகவல், ஆனா ரெண்டும் வேற தகவல். "வயித்தால போகுது"ன்னா என்னன்னு தெரியாத நர்ஸ் இருக்க முடியாது, ஆனா ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு கேட்காம விடுறது சகஜம். "முழுகாம இருக்கேன்"னு ஒரு பொண்ணு சொன்னா அவ கர்ப்பமா இருக்கா. நகரத்துல வளர்ந்து இப்பதான் படிச்சு முடிச்சு வந்த நர்சுக்கு அது புரியணும்.

ராஜபாளையத்துல ராஜுக்கள் வீட்டுல தெலுங்கு பேசுவாங்க. கடையில, ஆபீஸ்ல தமிழ்தான். ஆனா வலி ரொம்ப அதிகமாகும்போது ஆளுக்கு வீட்டு மொழிதான் வாயில வரும். வயசான அம்மா ஒருத்தர் தெலுங்குல முனகினா, கூட வந்த மகன் மொழிபெயர்த்துச் சொல்வார். அங்கதான் அடுத்த சிக்கல். மகன் சுருக்கிச் சொல்வார். "ஒண்ணுமில்ல சிஸ்டர், கால் வலிங்கறாங்க"ம்பார். அம்மா சொன்னது அஞ்சு வாக்கியம்.

மில்லுல வேலை பார்க்கிற இளம்பெண்களை நினைச்சுப் பாருங்க. தமிழ்நாட்டு ஸ்பின்னிங் மில்கள்ல ஹாஸ்டல்ல தங்கி வேலை பார்க்கிற பெண்கள் நிறைய. அப்படி ஒரு பொண்ணு ஆஸ்பத்திரிக்கு வரும்போது பக்கத்துல வார்டனோ சூப்பர்வைசரோ நின்னா, "நைட் ஷிப்ட் முடியல, மாதவிலக்கு நேரத்துல ரொம்ப வலிக்குது, தூசி ஒத்துக்கல"ன்னு அவ எப்படிச் சொல்வா? "கொஞ்சம் வெளிய இருங்க, உயரம் எடை பார்க்கணும்"னு நர்ஸ் சொல்ற ஒரு வரி போதும். நல்ல நர்சுகள் இதைத் தினமும் பண்றாங்க. எந்தப் பரீட்சையிலயும் இதுக்கு மார்க் கிடையாது.

அதே ஆள், வேற கேள்வி

இப்ப நம்ம நாற்பது வயசு அண்ணன்கிட்ட மறுபடி கேட்போம். கூட ஒரு நிமிஷம்தான்.

"என்ன வேலைண்ணே பார்க்கிறீங்க?"

"மில்லுல."

"மில்லுல எந்த டிபார்ட்மெண்ட்?"

"புளோ ரூம். பேல் உடைச்சுப் போடறது."

"எத்தனை வருஷமா?"

"பதினாறு வருஷம் ஆச்சு."

"இந்த மூச்சு முட்டுறது எப்ப அதிகமா இருக்கு, எப்ப குறையுது?"

இந்த இடத்துல நர்ஸ் சும்மா இருக்கணும். மூணு நொடி, நாலு நொடி. நிரப்பத் தோணும், நிரப்பக் கூடாது.

"லீவு முடிஞ்சு போறேன்ல சிஸ்டர், அன்னைக்குத்தான் நெஞ்சைப் பிடிக்கும். ரெண்டு நாள்ல பழகிரும்."

பழகிரும். 1845-ல் கெண்ட் தொழிலாளிகள் சொன்ன அதே விஷயம்.

அந்தக் கேள்வியில "திங்கட்கிழமை"ன்னு ஒரு வார்த்தை இல்லைங்கறதைக் கவனிச்சீங்களா? காரணம் இருக்கு. ஷில்லிங் காலத்து லங்காஷயர்ல எல்லாருக்கும் வாரக்கடைசியில லீவு. இன்னைக்கு நம்ம மில்கள் பல வாரத்துல ஏழு நாளும் மூணு ஷிப்ட் ஓடுது. வாரலீவு ஆளுக்கு ஒரு நாள். செவ்வாய் லீவு எடுக்கிறவருக்குப் புதன்தான் "திங்கட்கிழமை". புத்தகத்துல இருக்கிற மாதிரி "திங்கட்கிழமை மூச்சு முட்டுதா?"ன்னு கேட்டா "இல்லையே"ன்னு சொல்வார், அவர் சொல்றது உண்மையாவும் இருக்கும். நோய் நழுவிடும். கேள்வியை மொழிபெயர்த்தா மட்டும் போதாது, அந்த ஆளோட வாரத்துக்கு ஏத்த மாதிரி மாத்தணும்.

நேரம் எங்கே இருக்கு?

இதைக் கேட்டுக்கிட்டிருக்கிற நர்சுகள் இப்ப சிரிப்பீங்க. ஒரு ஷிப்டுல இத்தனை பேரைப் பார்க்கணும், முக்காலி போட்டு உட்கார்ந்து கதை கேட்க யாருக்கு நேரம்? நியாயமான கேள்வி. ஆள் பற்றாக்குறை நிஜம். தனிநபரோட பேச்சுத் திறமையால அதைச் சரிக்கட்ட முடியாது.

ஆனா ரெண்டு ஆய்வு ஞாபகம் வெச்சுக்கோங்க. 1984-ல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கெல் இருவரும் 74 மருத்துவச் சந்திப்புகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 நொடியில் டாக்டர் குறுக்கிட்டார். நாலில் ஒருவர்கூடத் தான் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை. 2002-ல் சுவிட்சர்லாந்தில் எதிர்ப்பக்கம் சோதித்தார்கள். 335 நோயாளிகள், குறுக்கிடாமல் பேசவிட்டால் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள்? சராசரி 92 நொடி. பெரும்பாலானவர்கள் ரெண்டு நிமிஷத்துக்குள் தாங்களாகவே நிறுத்திவிட்டார்கள்.

ரெண்டுமே டாக்டர்களை வைத்துச் செய்த ஆய்வுதான். ஆனா விட்டா அரை மணி நேரம் பேசுவாங்கன்னு நாம எல்லாரும் பயப்படறோம் இல்லையா, அந்தப் பயத்துக்கு இது பதில்.

தமிழ்நாட்டுல இன்னொரு வாசலும் திறந்திருக்கு. கிராம சுகாதார செவிலியர்கள் பல பத்தாண்டுகளா வீடு வீடாப் போறாங்க. 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சுகருக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கே மாத்திரை வருது. ஆஸ்பத்திரி பெஞ்சுல வராத பதில் வீட்டுத் திண்ணையில வரும். மாத்திரை அட்டையில மிச்சம் எத்தனைன்னு கண்ணாலயே பார்க்கலாம். "மாத்திரை ஒழுங்காப் போடறீங்களா?"ன்னு கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்வாங்க. "சில நாள் மறந்துடும்ல, போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?"ன்னு கேட்டா உண்மை வரும். ஏன்னா அந்தக் கேள்வியிலேயே மன்னிப்பு இருக்கு.

சீட்டுல ஒரு வரி

கடைசியா, இதுல பணமும் இருக்கு.

தொழிலாளர் இழப்பீட்டுக்கான 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் பிஸ்ஸினோசிஸ் பின்னர் சேர்ந்தது. 1948-ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் பட்டியலிலும் அது இருந்தது. இவற்றையெல்லாம் ஒன்றாக்கிய 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இருக்கிறது. பேப்பரில் உரிமை இருக்கிறது. ஆனால் ஒரு தொழிலாளி அதைக் கோர வேண்டுமென்றால், இந்த நோய் இந்த வேலையால் வந்தது என்று காட்ட வேண்டும். வயசான பிறகு, மில்லை விட்டு நின்ன பிறகு, அவர் கையில என்ன இருக்கும்? பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு. அதுல "இருமல், சளி"ன்னு மட்டும் இருந்தா, அவர் பீடி குடிச்சுக் கெட்டுப்போன ஆள். "புளோ ரூமில் 16 வருடம், விடுமுறைக்குப் பின் முதல் நாள் நெஞ்சு இறுக்கம்"னு ஒரு வரி இருந்தா, அவர் வேலையால நோய்வாய்ப்பட்ட ஆள். ஞாயித்துக்கிழமைக் குடின்னு கெண்ட் முதலாளிகள் சொன்ன விளக்கத்துக்கும் தொழிலாளி சொன்ன விளக்கத்துக்கும் நடுவுல நிக்கிறது அந்த ஒரு வரிதான். அதை முதல்ல எழுதக்கூடிய இடத்துல இருக்கிறவர் பெரும்பாலும் நர்ஸ்.

நோயாளியா போறவங்களுக்கும் ஒரு விஷயம். அவங்க கேட்கலைன்னா நீங்களே சொல்லிடுங்க. என்ன வேலை, எந்த டிபார்ட்மெண்ட், எத்தனை வருஷம், எப்ப அதிகமாகுது, எப்ப குறையுது. உங்க அப்பாவோ சித்தியோ மில்லுல இருந்தா, இன்னைக்கு ராத்திரி போன் பண்ணி இந்தக் கடைசி ரெண்டு கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்க. கேட்டுட்டு நாலு நொடி சும்மா இருங்க.

நர்சிங்ல இருக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க வார்டுல கேட்ட, எந்த டெக்ஸ்ட் புக்லயும் இல்லாத நோய் வார்த்தைகளை எங்களுக்கு அனுப்புங்க. யார் சொன்னாங்கங்கற விவரம் வேண்டாம், வார்த்தையும் ஊரும் போதும். ஊர் வாரியா ஒரு பட்டியல் போட்டு, புதுசா வேலைக்குச் சேர்றவங்களுக்கு உதவுற மாதிரி வெளியிடறோம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.